ஊமத்தஞ் சுருட்டும் டைரக்டரின் கன்னமும்

பொன்னம்மைக்கு இழுப்பு வரும்போதெல்லாம் அவள் புருஷன் கோலப்பனுக்கும் மூச்சு முட்டும். அவனுக்கு எந்த நோயும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு கொப்பரை மண்டியில் கணக்கெழுதுகிறவன். உரக்கப் பேசமாட்டான்; ஈயைக்கூட விசிறியால் விரட்டுவானே தவிர அடிக்கமாட்டான். மழைக்காலத்தில் பொன்னம்மையால் படுக்க முடியாது. அவள் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து அவன் சாய்மானமாக உட்கார்ந்திருப்பான். அவள் மூச்சு விசிலடிப்பது அவன் விலா எலும்பில் கேட்கும்.

அந்த வருஷம் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை சற்று மூர்க்கமாகவே பெய்தது. உலகத்தின் இன்னொரு மூலையில் இரண்டாவது மகாயுத்தம் தொடங்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. திருவனந்தபுரத்திலோ, பாளையத்துக்கு அப்பால் ஒரு குன்றின்மேல், ‘நரம்பு தசை விஷ ஆராய்ச்சி நிலையம்’ ஆரம்பித்திருந்தார்கள். ஜனங்கள் அதைச் சுருக்கமாக விஷ ஆபீஸ் என்றார்கள். அங்கே ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டாகச் சுற்றி, இழுப்புக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கோலப்பன் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போனான்.

டைரக்டர் டாக்டர் பஞ்சாபகேசனே அவனைக் கூப்பிட்டு விளக்கினார். விளக்குவது அவருக்குப் பிடித்தமான காரியம்.

“உம்ம கை, கால் எல்லாம் நீர் சொன்னபடி கேக்கற தசை. மூச்சுக்குழாய், குடல், மூத்திரப்பை, கண்ணுக்குள்ளே இருக்கற பாப்பா, இதிலேயெல்லாம் இருக்கறது உம்மைக் கேக்காமலே வேலை செய்யற தசை. அதுக்கு நரம்புதான் எஜமான். எஜமான் ‘சுருங்கு’ன்னு ஓயாம உத்தரவு போட்டா மூச்சுக்குழாய் சுருங்கிடறது, அதுதான் இழுப்பு. ஊமத்தை என்ன பண்றது? எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் நடுவிலே போய் உக்காந்துக்கறது. உத்தரவு போய்ச் சேராது. குழாய் விரிஞ்சுடும்.”

கோலப்பன் சுருட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

“சாரே, இது எனக்கில்லை. வீட்டுக்காரிக்கு. எங்க ஆளுகளுக்குள்ள பொம்பளை சுருட்டை வாயில வச்சா, பொறவு அவ தண்ணி எடுக்கக் கெணத்தடிக்குப் போகாண்டாம்.”

“ஜனங்களுடைய வழக்கத்திலே தலையிடறது நிலையத்தின் கொள்கை இல்லை” என்றார் டைரக்டர் கம்பீரமாக. “உங்க வழக்கத்துக்கு எது ஒத்துவருமோ, அந்த மார்க்கமாக உபயோகிச்சுக்கலாம்.”

அந்த வாக்கியத்தைக் கோலப்பன் வழியெல்லாம் மனசில் சொல்லிக்கொண்டே வந்தான்.

பொன்னம்மை சுருட்டைப் பார்த்ததும் இழுப்பையும் மறந்துவிட்டாள்.

“அய்யோ அத்தான், நான் இப்படியே செத்துப்போறேன். பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மா நம்ம ஜன்னல்லதான் மூக்கையே வச்சிருக்கா. தெரிஞ்சா நாகர்கோயில் வரைக்கும் தந்தி போயிரும்.”

“நீ புடிக்காண்டாம்ட்டி. நம்ம வழக்கப்படி செய்யலாம்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு.”

அவர்கள் வழக்கத்தில் மருந்து என்றால் கஷாயம். கோலப்பன் சுருட்டைப் பிரித்தான். சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி எல்லாம் போட்டு, புகை கண்ணில் ஏற ஏற ஊதி, அடுப்பில் வற்றக் காய்ச்சினான். இனிப்பு போதுமா என்று மட்டும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான். ஒரு பொட்டலம் சுருட்டும் ஒரு டம்ளராகச் சுண்டியதைத் தன் கையாலேயே அவளுக்குப் புகட்டினான்.

அவள் மூச்சு திறந்தது. விசில் நின்றது. “அத்தான், நெஞ்சுக்குள்ள ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு” என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல இருவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். குடித்தும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. கண்ணில் கறுப்பு விரிந்து விரிந்து, வெள்ளையைத் தின்றுவிடும்போல நின்றது. கோலப்பனின் சட்டையில் இல்லாத எறும்புகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“பொன்னம்மை, என்னட்டி செய்யுது?”

“யாரு வே நீரு?” என்று கேட்டுவிட்டு, அகப்பையை எடுத்து அவன் கன்னத்தில் ஓங்கி அடித்தாள்.

சத்தம் கேட்டுச் சரஸ்வதியம்மாள், “என்ன பிள்ளே, வீட்டுல ஏதும் விசேஷமா?” என்று தலையை நீட்டினாள். அகப்பை அவள் நெற்றியில் இரண்டாக உடைந்தது. மிச்சமிருந்த காம்பால் பொன்னம்மை, உதவிக்கு ஓடிவந்த ரிக்‌ஷாக்காரன் வேலாயுதனின் முட்டியைப் பெயர்த்தாள்.

“இது ஸ்த்ரீயா, ஆனையா அண்ணாச்சி?” என்று நொண்டிக்கொண்டே வேலாயுதன் வண்டியைத் திருப்பினான். “எங்கோட்டு?”

விஷம் கொடுத்த இடத்தில்தான் முறிவும் இருக்கும் என்று கோலப்பன் நினைத்தான். பொன்னம்மையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, “விஷ ஆபீஸ்” என்றான். போகிற வழியெல்லாம் அவள் அவன் கையைக் கடித்துக்கொண்டே வந்தாள். அவன் பிடியை விடவில்லை.

அதற்குள் விஷ ஆபீஸுக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. நிலையத்தைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிடுவதா என்று பார்க்க ஒரு கமிட்டி வந்திருந்தது. வாசலிலிருந்து மண்டபம் வரை சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். அட்டெண்டர் வேலப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றான்.

“விஷம் எதிலே போயது? மூக்கிலேயா, வாயிலேயா?” என்று கேட்டான். “மூக்குன்னா இடத்தே வாதில், புகை இலாகா. வாயின்னா வலத்தே வாதில், குடல் இலாகா. மாறிக் கேறினா என் ஜோலி போகும், கேட்டோ.”

சுருட்டு என்ற ஞாபகத்தில் கோலப்பன் இடது வாசலுக்குள் ஓடினான். புகை இலாகாவின் தலைவர் டாக்டர் நாகேஸ்வரன், பொன்னம்மை அவர் மேஜை விளக்கைச் சுவரில் எறிந்து உடைப்பதை அமைதியாகப் பார்த்துக்கொண்டே விவரம் கேட்டார்.

“குடிச்சாளா? அப்போ இது எங்க கேஸே இல்லையே, ஓய். சுருட்டுன்னா புகைக்கறது. நீர் கொதிக்க வெச்ச க்ஷணமே அது சுருட்டுங்கற ஸ்தானத்தை இழந்துடுத்து.”

“விஷம் ஒண்ணுதானே சாரே?”

“விஷம் ஒண்ணா இருக்கலாம். இலாகா ரெண்டு.” நாற்காலியின் கால் ஒன்று அவர் தலையை உரசிக்கொண்டு போயிற்று. அவர் குனிந்து நிமிர்ந்தார். “அதோட, இவள் ஊமத்தை சாப்பிட்டதாகவே நான் ஒப்புக்கமாட்டேன். ஊமத்தை எல்லாத் தசையையும் தளர்த்திடும் என்கிறது என் சித்தாந்தம். டைரக்டர்தான், நாம் கேக்காம வேலை செய்யற தசையை மட்டுந்தான் அது பாதிக்கும்னு பிடிவாதம் பிடிக்கறார். இவள் தளர்ந்திருக்காளா? நீரே சொல்லும்.”

கோலப்பனின் உதட்டிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்ததால் அவனால் சொல்ல முடியவில்லை.

அவளை இழுத்துக்கொண்டு அவன் வலது வாசலுக்கு வந்தான். உள்ளே மண்டபத்தில் கமிட்டி அங்கத்தினர்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் கரி பூசிய காகிதம் சுற்றிய உருளை ஒன்று இருந்தது. அந்த நிலையத்தில் உருளை சுழலும்போது எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும், செருப்புப் போட்டிருக்கக்கூடாது. கடைசியில் வேலப்பன் கரியை ஒரு தட்டில் கொண்டுவர, அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வதும் எப்படியோ வழக்கத்தில் வந்துவிட்டது. விஞ்ஞானத்தில் மூடப்பழக்கத்துக்கு இடமில்லை என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதியிருந்தது.

வேலப்பன் ஒரு முயலைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, காதுக்குப் பின்னால் இரும்புத் தடியால் ஒரு போடு போட்டான். அது ஒரு தடவை துடித்து நீண்டது. டைரக்டர் அதன் வயிற்றைக் கிழித்து, கையளவு குடலை நரம்போடு வெட்டி எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டார். உருளை மெல்லச் சுழல, குடலின் நுனியில் கட்டிய ஊசி அதில் கோடு கிழித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“கனவான்களே! நரம்பு என்பது மேலதிகாரி, தசை என்பது சிப்பந்தி” என்று டைரக்டர் முழங்கினார். “இதோ, நரம்பை மின்சாரத்தால் சீண்டுகிறேன். குடல் சுருள்கிறது. இப்போது ஊமத்தைச் சாறு சில துளிகள். மறுபடி சீண்டுகிறேன். பாருங்கள், அசைவில்லை! நரம்பு சாகவில்லை. தசையும் சாகவில்லை. உத்தரவு மட்டும் போய்ச் சேரவில்லை. இந்த நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஓயாமல் உத்தரவு போடுகிறேன். சிப்பந்திகள் ஓயாமல் காத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு காரியமும் நடப்பதில்லை. அப்படிப்பட்ட மகத்தான தத்துவம் இது!”

கமிட்டித் தலைவர் தலையாட்டினார்.

“முறிவு உண்டா? உண்டு! ஆப்பிரிக்கப் பயறு ஒன்றிலிருந்து எடுத்த எசரீன்.” ஒரு சிறிய குப்பியிலிருந்து அவர் ஒரு துளி விட்டார். நரம்பைச் சீண்டினார். செத்த முயலின் குடல் சொடுக்கினாற்போல் சுருண்டு, ஊசியை மேலே தூக்கியது. கைத்தட்டல் எழுந்தது.

வாசலில் பொன்னம்மையைக் கட்டிப் பிடித்தபடி நின்ற கோலப்பன் அந்தக் குப்பியைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

“சாரே! அந்த மருந்து! இவளுக்கு ஒரு சொட்டு குடுங்க சாரே!”

நடந்ததைக் கேட்ட டைரக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

“எசரீன் பரிசோதனைக்கு மட்டுமே. சிகிச்சை செய்ய எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஒருத்தருக்குச் சிகிச்சை பண்ணினா இது ஆஸ்பத்திரி ஆயிடும். அப்புறம் ஜனங்கள் வர ஆரம்பிச்சுடுவா.”

“செத்த முயலுக்கு மருந்து இருக்கு. உசிரோட இருக்கிறவளுக்கு இல்லியா சாரே?”

“முயல் இங்கே வந்தது விஞ்ஞானத்துக்காக. உம்ம சம்சாரம் வந்திருக்கறது பிழைக்கறதுக்காக. நோக்கம் வேறயா இருக்கே.”

கோலப்பன் கைகூப்பினான். கைகூப்பினால் பிடி தளரும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அடுத்த கணம் பொன்னம்மை டைரக்டரின் இடது கன்னத்தில் அறைந்தாள். மூக்குக் கண்ணாடி பறந்து போய் உப்புநீரில் விழுந்தது.

டைரக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு தெய்வீகமான மலர்ச்சி பரவியது.

“கவனியுங்கள் கனவான்களே! கண் பாப்பா விரிந்திருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது. நாம் கேட்காமல் இயங்கும் தசைக்கு உத்தரவு போகவில்லை. ஆனால் கை? கையின் பலம் இம்மியும் குறையவில்லை! என் சித்தாந்தத்தை இவள் என் கன்னத்தில் எழுதிவிட்டாள்!”

“நான் ஆட்சேபிக்கிறேன்” என்று நாகேஸ்வரன் முன்னால் வந்தார். “அது அடியே இல்லை. தசை தளர்ந்து, கை தானாக விழுந்திருக்கு. வழியிலே உங்க கன்னம் இருந்தது.”

பொன்னம்மை வேலப்பனிடமிருந்து இரும்புத் தடியைப் பிடுங்கி நாகேஸ்வரனின் வாயில் இடித்தாள். ஒரு முன்பல் கமிட்டித் தலைவரின் மாலைக்குள் போய் விழுந்தது.

“இதுவும் தானா விழுந்ததா, ஓய்?” என்றார் டைரக்டர்.

“ஒரு பல்லை வெச்சு முடிவு கட்ட முடியாது” என்றார் நாகேஸ்வரன், வாயைப் பொத்திக்கொண்டு.

அது நியாயமாகப் பட்டது. விஞ்ஞானத்தில் எதையும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும் என்று கமிட்டித் தலைவரும் அபிப்பிராயப்பட்டார். உடனே நிலையத்துச் சிப்பந்திகள் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் யார் முதலில் அடி வாங்குவது என்பதில் சிக்கல் வந்துவிட்டது. பதவியில் குறைந்தவர், மேலே உள்ளவருக்கு முன்னால் அடி வாங்குவது ஒழுங்கீனம் என்று தலைமைக் குமாஸ்தா வாதாடினார். அப்படியானால் விருந்தாளி என்ற முறையில் முதல் மரியாதை தமக்கே என்று கமிட்டித் தலைவர் முன்வந்தார். பேச்சு முடிவதற்குள் பொன்னம்மை மரியாதையை எல்லோருக்கும் கலந்தே வழங்கினாள். தலைமைக் குமாஸ்தாவின் விரல் முறிந்தது. கண்ணாடித் தொட்டி உடைந்து, முயல் குடல் கமிட்டித் தலைவரின் தலைப்பாகையில் போய்த் தொங்கிக்கொண்டு, அங்கேயும் சுருண்டது. மாவிலைத் தோரணத்தில் ரத்தம் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் டைரக்டர், “பலம் குறையவில்லை! குறையவில்லை!” என்று கூவிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவள் நின்றாள். தடி கையிலிருந்து நழுவியது. சிவப்புத் துணியில் சரிந்தாள்.

கோலப்பன் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். உடம்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. நெஞ்சு தையல் மிஷினாகத் தடதடத்தது. அடிவயிறு கல்லாகப் புடைத்திருந்தது. அங்கே அவன் கை பட்டதும் நினைவில்லாமலே முனகினாள்.

டைரக்டர் குனிந்து தொட்டுப் பார்த்தார். “மூத்திரப்பை நிறைஞ்சிருக்கு. உத்தரவு வந்துண்டே இருக்கு. தசைக்குப் போய்ச் சேரலை. அற்புதம்!”

“செத்துருவாளா சாரே?”

“அதைப் பத்தி நிலையம் அபிப்பிராயம் சொல்றதில்லை. ஆனா நீர் ஒண்ணும் கவலைப்படவேண்டாம். எது நடந்தாலும் வீணாகாது. கொஞ்சம் பொறுத்திருந்தா குடலை நேராவே எடுத்துப் பார்த்துடலாம். முயலைவிட மனுஷக் குடல் உசத்தி. வேலப்பா, உப்புநீர் வெதுவெதுப்பா இருக்கட்டும்.”

கோலப்பன் மனைவியின் தலையை மெதுவாகக் கீழே வைத்தான். எழுந்தான். ஈயை அடிக்காத கையை ஓங்கி டைரக்டரின் வலது கன்னத்தில் விட்டான். அவர் உருளையின்மேல் போய் விழுந்தார். முகமெல்லாம் கரியாக எழுந்தார்.

வேலப்பன் கோலப்பனின் கழுத்தைப் பிடித்தான். “விடு, விடு!” என்று டைரக்டர் கத்தினார். இடது கையால் இடது கன்னத்தையும் வலது கையால் வலது கன்னத்தையும் தடவி, கண்ணை மூடி எடைபோட்டார்.

“ஒரே பலம்! இந்தக் கன்னத்தில் விஷம் குடித்தவள் அடி; இந்தக் கன்னத்தில் குடிக்காதவன் அடி. ஒப்பிட்டுப் பார்க்க இதுவரை எங்களிடம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது கனவான்களே!”

நாகேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. “முறிவு குடுத்து, பழைய நிலைக்குத் திரும்பறதையும் காட்டினாத்தான் பரிசோதனை பூர்த்தியாகும். இல்லேன்னா பாதி. பாதியை நான் ஒப்புக்கவே மாட்டேன்.”

டைரக்டர் யோசித்தார். “அது சிகிச்சை ஆயிடாதோ?”

“பிழைக்க வெக்கணும்கற எண்ணத்தோட குடுத்தாத்தானே சிகிச்சை? நமக்கு அந்த எண்ணம் இருக்கா?”

“துளிக்கூடக் கிடையாது” என்றார் டைரக்டர். கமிட்டித் தலைவரும், தலைப்பாகையிலிருந்த குடலை எடுத்துவிட்டு, தமக்கும் கிடையாது என்றார். “ஆனா இவர் இருக்காரே? இவருடைய எண்ணத்தினாலே பரிசோதனை கெட்டுப்போகுமே. ஓய், உமக்கு உம்ம சம்சாரம் பிழைக்கணும்னு ஆசை உண்டா?”

கோலப்பன் குப்பியைப் பார்த்தான். மடங்கி உட்கார்ந்து பொன்னம்மையின் கையை எடுத்துத் தன் வேஷ்டி மடிப்புக்குள், யாருக்கும் தெரியாமல் இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கும் கெடையாது சாரே” என்றான்.

எசரீன் ஊசி ஏறியது. எல்லோரும் அவளைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்தார்கள். அவள் கண்ணில் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. வயிற்றுக்குள் குடல் தூங்கி எழுந்தாற்போல் கடகடவென்றது. பிறகு, இத்தனை நேரம் வழியில் நின்றிருந்த உத்தரவு போய்ச் சேர்ந்தது. கமிட்டிக்காக விரித்த சிவப்புத் துணியில் ஈரம் படர்ந்தது.

“எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!” என்றார் டைரக்டர் தழுதழுத்த குரலில். மாலையும் வீக்கமுமாகக் கமிட்டி எழுந்து நின்றது. செருப்புப் போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள்.

கோலப்பன் தோளிலிருந்த நேரியதுத் துண்டை எடுத்து அவளை இடுப்புக்குக் கீழே சுற்றிப் போர்த்தி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி அவளை மறைத்துக்கொண்டான்.

பொன்னம்மை கண்ணைத் திறந்தாள். சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

“அத்தான்... கன்னம் ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு? எவன் அடிச்சான்?”

“ஒருத்தனுமில்லட்டி. கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

“பாத்து வரப்படாதா?” என்று அவள் அந்தக் கன்னத்தைத் தடவினாள். அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நிலையத்தை மூடவேண்டாம் என்று கமிட்டி தீர்மானித்தது. புகை இலாகா, குடல் இலாகா இரண்டோடு மூன்றாவதாகக் கன்ன இலாகா ஒன்றையும் தொடங்கலாம் என்று சிபாரிசு செய்தது. டைரக்டர் வாசல் வரை வந்து, ஒரே ஒரு தடவை நடந்ததை விஞ்ஞானம் ஏற்காது என்றும், அடுத்த வியாழக்கிழமை சம்சாரத்தோடு வரமுடியுமா என்றும் கோலப்பனை விசாரித்தார். ஊமத்தஞ் சுருட்டுப் பொட்டலம் ஒன்றையும் கையில் கொடுத்தார். “மார்க்கம் உங்க இஷ்டம்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பொன்னம்மையின் நெஞ்சில் விசில் கிளம்பியது. கோலப்பன் ஜன்னலைச் சாத்தினான். சுருட்டைப் பற்றவைத்து அவளிடம் நீட்டினான். அவள் கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயில் வைத்து இழுத்தாள். இருமினாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவன் வழக்கம்போலத் தன் முதுகை அவள் முதுகுக்குக் கொடுத்து, கதவைப் பார்க்க உட்கார்ந்தான்.

“அதாரு சுருட்டுப் புடிக்கது?” என்று சுவருக்கு அப்பாலிருந்து சரஸ்வதியம்மாளின் குரல் வந்தது. நெற்றிக் கட்டோடு அவள் ஜன்னலுக்கு வந்துவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“நாந்தான்!” என்று கோலப்பன் உரக்கச் சொல்லி, நம்பும்படியாக இருமினான்.

“வெக்கமில்லியா வே? கெட்டினவ மூச்சு முட்டிக் கெடக்கா. பக்கத்துல இருந்து புகை விடுதீரே, நீரு மனுசனா?”

“பழகிப்போச்சும்மா. விடமுடியல்ல.”

“தூ!” என்றது ஜன்னல்.

பொன்னம்மைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்தினாள், புகை மூக்கு வழியாக வந்தது. அவள் முதுகு குலுங்குவது அவன் முதுகில் தெரிந்தது. குலுங்கி அடங்கியபின், அது நிதானமாக ஏறி இறங்கியது. விசில் இல்லை. கோலப்பன் கதவைப் பார்த்தபடியே இன்னும் இரண்டு தடவை பலமாக இருமினான்.